பின்வாசலில் ஒரு நிழல்: குறும்படக் கேள்வி-பதில்

செட்டிநாட்டுப் பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: கல்லூரிப் பயிற்சிக்காக எடுக்கும் த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடம். அவற்றை மட்டும் தொகுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் த்ரில்லர் தொடக்கக் காட்சி எடுத்தோம். படம் ஓரளவு வந்துவிட்டது. இப்போது ஆளுக்கொரு சுயமதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "இது நன்றியுரை மாதிரி இருக்கிறது" என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு என்னதான் எழுதுவது?
– விஸ்காம் மாணவி, காரைக்குடி

பேராசிரியர் சொன்னது சரி. "எல்லோரும் ஒற்றுமையாக உழைத்தோம், நிறையக் கற்றுக்கொண்டோம்" என்ற வரியை எந்தப் படத்துக்கும் ஒட்டிவிடலாம். உங்கள் அறிக்கையின் ஒவ்வொரு பத்தியும் உங்கள் படத்தின் ஏதாவது ஒரு நொடியைத் தொட வேண்டும். அந்தப் பத்தியை வேறு குழுவின் அறிக்கைக்குள் தூக்கி வைத்தால் பொருந்தக் கூடாது.

எழுத உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. எடிட்டிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் ஷாட் எண்ணும் நேரமும். இரண்டாவதில், இந்த ஷாட் முடியும்போது பார்ப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள் என்பது. மூன்றாவதில், அதற்காக என்ன செய்தீர்கள்: கேமரா எங்கே, வெளிச்சம் எங்கிருந்து, ஒலி என்ன. நான்காவதில், பார்த்தவர்கள் உண்மையில் என்ன புரிந்துகொண்டார்கள். இரண்டு நிமிடப் படத்தில் பொதுவாக 25 முதல் 35 ஷாட் இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

மூன்றாவது கட்டம் சுலபமாக நிரம்பும். இரண்டாவதில்தான் பேனா நிற்கும். தூணை அண்ணாந்து பார்க்கும் அந்த ஷாட் எதற்கு வைத்தோம் என்று யோசித்தால், "தூண் அழகாக இருந்தது" என்பதைத் தவிரப் பதில் வராது. அதை அப்படியே எழுதுங்கள். காரணம் இல்லாத ஷாட் எது என்று சொந்தப் படத்திலேயே கண்டுபிடித்துச் சொல்வதுதான் இந்த அறிக்கையின் உயிர்.

நான்காவது கட்டத்துக்குக் கதை தெரியாத ஐந்து பேர் போதும். வகுப்புத் தோழர்கள் வேண்டாம். கதையை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால் உங்கள் முகத்துக்காக எல்லோரும் "ஆமா" என்பார்கள். அதற்குப் பதில், "இந்தப் பெண் யார்? வீட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஒருவரோடொருவர் பேசும் முன்பே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். பேசிவிட்டால் முதலில் வாய் திறந்தவரின் பதிலே ஐந்து தாளிலும் வரும்.

இந்த நான்கு கட்டமும் கையில் இருந்தால் பத்தி தானாக அமையும். ஒரு மாதிரி:

"41வது நொடி முதல் 47வது நொடி வரை. அவள் பையை இறக்கி வைக்கக் குனியும்போது, தூரத்தில் பின்வாசல் வெளிச்சத்தை ஒருவர் கடக்கிறார். அவள் பார்க்கக் கூடாது, பார்வையாளர் பார்க்க வேண்டும் என்பது திட்டம். ஐந்து பேரில் ஒருவர்தான் கவனித்தார். அவர் கடப்பதற்கு எடுத்துக்கொண்டது 12 ஃப்ரேம், அதாவது அரை நொடி. அதே அரை நொடியில் முன்னால் பை தரையைத் தொடுகிறது. கண் அங்கே போய்விடுகிறது. மறுபடி எடுத்தால், பையை வைத்துவிட்டு அவள் அசையாமல் நிற்கும்போது கடக்க விடுவேன். ஒரு நொடிக்குக் குறையாமல் வைப்பேன்."

இதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்து என்ன என்ற நான்கும் இருக்கின்றன. இப்படி ஆறு ஏழு பத்தி எழுதினால் போதும். 30 ஷாட்டையும் விளக்க வேண்டாம். இரண்டாம் கட்டமும் நான்காம் கட்டமும் எங்கே அதிகமாக முரண்படுகின்றனவோ அந்த ஷாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்.

பெரும்பாலான பாடத்திட்டங்களில் இன்னும் சில தலைப்புகள் கேட்பார்கள். 'த்ரில்லர் மரபை எப்படிப் பயன்படுத்தினீர்கள்' என்பது ஒன்று. இங்கே வெளிநாட்டுப் படங்களின் பெயரை வரிசையாக அடுக்குவதைத்தான் பல அறிக்கைகளில் பார்க்கிறோம். உங்கள் ஊர்க்காரர் ஏ.வி. மெய்யப்பன் 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்தியவர். 1948இல்தான் அது சென்னைக்குப் போனது. அதே நிறுவனம் 1954இல் எடுத்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்கி, கதாநாயகனையே முதலில் சாகடித்துவிட்டு, யார் சுட்டது என்ற கேள்வியில் படம் முழுவதையும் நகர்த்துகிறது. உங்கள் தொடக்கம் எந்தக் கேள்வியை எழுப்புகிறது என்பதை அதோடு ஒப்பிட்டு எழுதுங்கள். 'யார் செய்தது' என்பதா, 'அவளுக்கு என்ன ஆகும்' என்பதா, 'அவள் யார்' என்பதா? மரபு பற்றிய பகுதிக்கு அந்த ஒப்பீடே போதுமானது.

'மனிதர்களை எப்படிக் காட்டினீர்கள்' என்ற தலைப்பில் நேர்மையாக இருங்கள். பழைய வீடு என்றதும் வாசலில் ஒரு வயதான காவல்காரரை உட்கார வைத்து, கீழிருந்து வெளிச்சம் அடித்து, அவர்மேல் சந்தேகம் வரும்படி செய்திருப்பீர்கள். ஏன் அவர்? வயசும் ஏழ்மையும்தான் காரணம் என்றால் அதை எழுதுங்கள். மாற்று என்ன என்பதையும் எழுதுங்கள். பார்வையாளர் யார் என்ற கேள்விக்கு 'எல்லோரும்' என்று எழுத வேண்டாம். 2024 விதிகளின்படி தணிக்கைச் சான்றிதழில் யுஏ பிரிவே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் காட்சி எதில் விழும், எந்த ஷாட்டால் அப்படி விழும் என்று சொன்னால் அந்தப் பதிலுக்கு எடை கூடும்.

ஆரம்பத்தில் ஒரு சிறு பயிற்சி கொடுத்திருப்பார்கள்: ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, எதிரே இருப்பவர் முன் உட்கார்ந்து இரண்டு வரி பேசுவது. அதையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். கதவு திறக்கும் அசைவு இரண்டிலும் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் எடுத்து எழுதினாலே நீங்கள் எவ்வளவு நகர்ந்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

ஒரு சின்ன விஷயம்: குழுவாக முடிவெடுத்த இடத்தில் 'நாங்கள்', நீங்கள் மட்டும் செய்த வேலையில் 'நான்'. மதிப்பெண் போடுகிறவர் தேடுவது இரண்டாவதைத்தான்.

கேள்வி: இருட்டு, இசை, அலறல் எல்லாம் வைத்தும் பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?
– மாணவர், தேவகோட்டை

மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்ததுதான் தப்பாக இருக்கும். அலறல் வரப்போகிறது என்று இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பார்ப்பவருக்கு யோசிக்க என்ன மிச்சம்? த்ரில்லரில் பயம் என்பது யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கு. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இதற்குச் செட்டிநாட்டு வீடு போல வாய்ப்பான இடம் கிடைக்காது. முன் தெருவிலிருந்து பின் தெரு வரை நீளும் வீடு. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் வரிசையும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நிலைவாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். அதைப் பேய் வீடாக்கிச் சிலந்தி வலை கட்டுவதைவிட, அந்த நேர்கோட்டைப் பயன்படுத்துங்கள்.

முதல் ஷாட்: உள்ளிருந்து பின்வாசல் கதவு. சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. மூன்று நொடி முழுசாக வையுங்கள். அதன்மேல் பெயர் எழுத்து எதுவும் ஓட விடாதீர்கள். கண் எழுத்துக்குப் போனால் தாழ்ப்பாள் மனதில் நிற்காது. அடுத்து முன்வாசல்: வெளியே சாவி, உள்ளே கதவு திறக்கிறது, அவள் வருகிறாள். சில ஷாட்டுக்குப் பிறகு அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு நீளமான ஷாட். தூரத்தில் பின்வாசல் ஒரு வெளிச்சச் செவ்வகமாகத் திறந்து கிடக்கிறது. அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இசை வேண்டாம். சற்று நேரம் கழித்து ஒரு நிழல் அந்தச் செவ்வகத்தைக் கடக்கிறது.

அந்த ஷாட்டை எடுக்கும்போது வழக்கமாகக் கெடுவது மூன்று இடத்தில். செல்போனின் சாதாரண லென்ஸ் அகலமானது. பின்வாசல் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். 2 அல்லது 3 மடங்கு லென்ஸைப் போட்டுக்கொண்டு, கேமராவைத் திண்ணைக்கு, முடிந்தால் தெருவுக்கே இழுங்கள். இரண்டாவது, தானியங்கி எக்ஸ்போஷர் (எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்ற அமைப்பு) இருட்டான பத்திக்கு, அதாவது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்கு, தக்கபடி திறந்துகொண்டு பின்வாசலை வெள்ளையாகச் சுட்டுவிடும். விரலைப் பின்வாசல் வெளிச்சத்தின்மேல் வைத்து அழுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். வீடு இருண்டு போகும், அதுதான் வேண்டும். அவள் உருவம் மட்டும் கொஞ்சம் தெரிய ஒரு ஓரத்தில் வெள்ளைத் தெர்மோகோல் பிடித்தால் போதும். மூன்றாவது, நிழல் கடக்கும் வேகம். ஓட வேண்டாம், நடக்கட்டும். 25 ஃப்ரேமுக்குக் குறைய வேண்டாம்.

கேள்வி: வளவைச் சுற்றி நடக்கும் துரத்தல் காட்சியில், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே புரியவில்லை என்கிறார்கள்.
– மாணவர், புதுவயல்

வளவின் நான்கு பக்கமும் ஒரே மாதிரித் தூண், ஒரே மாதிரிப் பத்தி. நேரில் நிற்பவருக்கே திசை குழம்பும்; கேமராவில் கேட்கவே வேண்டாம். அதனால் மற்ற இடங்களைவிட இங்கே 180 டிகிரி விதியை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். நிலைவாசலுக்கும் இரண்டாம் கட்டு வாசலுக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, எல்லா ஷாட்டையும் அதன் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். ஓடுகிறவள் ஒரு ஷாட்டில் வலப்பக்கமாக வெளியேறினால் அடுத்ததில் இடப்பக்கமாக உள்ளே வர வேண்டும், துரத்துகிறவனுக்கும் அதே. கோட்டைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால், நடுவில் கோட்டின் மேலேயே நின்று நேராக எடுத்த ஒரு ஷாட்டைச் செருகுங்கள்.

கூடவே ஓர் அடையாளம் வையுங்கள். ஒரு பக்கத் தூணில் சிவப்புத் துண்டோ, ஓரத்தில் ஒரு பித்தளை அண்டாவோ. முதல் அகல ஷாட்டில் அது தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு பார்ப்பவர் அதை வைத்தே திசையைப் பிடித்துக்கொள்வார்.

வெயிலையும் கவனியுங்கள். சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகரும். வளவுத் தரையில் விழும் வெளிச்சக் கட்டமும் கூடவே நகரும். காலை 9 மணிக்கு எடுத்த ஷாட்டையும் 11 மணிக்கு எடுத்த ஷாட்டையும் ஒட்டினால் ஒரே விநாடியில் வெயில் தாவும். வளவில் எடுக்க வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு, அப்புறம் உள்ளறைக்குப் போங்கள்.

கேள்வி: வீடியோவில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. இரவுக் காட்சி எடுத்தால் புள்ளி புள்ளியாக வருகிறது. செல்போனில்தான் எடுக்கிறோம்.
– மாணவி, சிவகங்கை

கோட்டுக்குக் காரணம் மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். செல்போன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேமில்தான் எடுக்கும். அதற்குத் தோதாக ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/60 நொடியில் நிற்கும். இரண்டும் பொருந்தாததால் கோடு விழுகிறது. 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். போனிலேயே ப்ரோ மோட் இல்லாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதே இடத்தில் வெள்ளைச் சமநிலையையும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) பூட்டுங்கள். பூட்டாவிட்டால் நடிகர் நகர நகரச் சுவரின் நிறம் மாறும்.

புள்ளிகள் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) ஏறியதால் வருபவை. 800ஐத் தாண்ட விடாதீர்கள். அதற்கு வழி, இரவுக் காட்சியை இரவில் எடுக்காமல் இருப்பது. பகலில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரே ஒரு ஜன்னலை மட்டும் பாதி திறந்து வையுங்கள். வெள்ளைச் சமநிலை 3200 கெல்வின், எக்ஸ்போஷர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ஜன்னலிலிருந்து வரும் பகல் வெளிச்சம் நீலமாக, நிலா மாதிரி விழும். வானம் மட்டும் எந்த ஃப்ரேமிலும் தெரியக் கூடாது. தெரிந்தால் குட்டு உடைந்துவிடும்.

ஆத்தங்குடித் தரை கண்ணாடி போலப் பளபளப்பது. எடுக்கும் முன் தரையைப் பாருங்கள். லைட்டும், அதைப் பிடித்திருப்பவரும் தலைகீழாகத் தெரிவார்கள். கேமராவை ஒரு முழம் உயர்த்தினாலோ லைட்டை ஓரமாக நகர்த்தினாலோ பிரதிபலிப்பு விலகும்.

கேள்வி: வசனம் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. டப்பிங் செய்ய வசதி இல்லை.
– மாணவர், பள்ளத்தூர்

மாணவர் படங்களை அதிகம் கெடுப்பது ஒலிதான், அதிலும் இந்த வீடுகளில். வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஓடு பதித்த தரை, உயரமான கூரை. ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. பேசிய வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த வார்த்தைமேல் ஏறிக்கொள்கிறது. எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய முடியாது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும்.

படப்பிடிப்பிலேயே செய்ய வேண்டியவை. நடிகர் காலடியில், கேமராவுக்குத் தெரியாத இடமெல்லாம், ஜமக்காளம் விரியுங்கள். அவருக்கு எதிரே, கேமராவுக்குப் பின்னால், இரண்டு தடித்த போர்வையைக் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். எந்தச் சுவரை நோக்கிப் பேசுகிறாரோ அங்கிருந்துதான் முதல் எதிரொலி வரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண், அதிகம் போனால் இரண்டு சாண். சட்டையில் குத்தும் மைக் என்றால் நெஞ்சு நடுவில். பட்டுச் சேலையிலும் கஞ்சி போட்ட சட்டையிலும் குத்தினால் சரசரக்கும், அடியில் ஒரு துண்டுப் பருத்தித் துணி வைத்து ஒட்டுங்கள். மைக் இல்லையென்றால் இன்னொரு செல்போனை நடிகரின் சட்டைப் பையில் போட்டுப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு கைத்தட்டு. இரண்டையும் எடிட்டிங்கில் ஒட்ட அதுதான் அடையாளம். உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். அலறலுக்கு மட்டும் அளவைக் குறைத்துத் தனியாக ஒரு டேக் எடுங்கள், இல்லாவிட்டால் பிளந்துவிடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜைப் போட வேண்டும் என்று ஞாபகம் வந்துவிடும். வீட்டுக்காரர் பால் கெட்டுப்போகாது. கோயில் ஒலிபெருக்கி எப்போது போடுவார்கள் என்பதை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வசனம் எடுத்த ஒவ்வோர் இடத்திலும், எல்லோரும் அசையாமல் நின்று, ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். 'ரூம் டோன்' என்பது அதுதான். வெட்டுகளுக்கு அடியில் அதை ஓட விடாவிட்டால் ஷாட்டுக்கு ஷாட் சத்தம் விழுந்து எழும்பும். அதே நாளில் கைப்பக்கத்து ஒலிகளையும் தனியே எடுத்துவிடுங்கள்: தாழ்ப்பாள் விழுவது, பெரிய சாவி நிலைக்கதவில் திரும்புவது, வெறுங்கால் ஓட்டில் ஒட்டிப் பிரிவது, முற்றத்தில் தண்ணீர் சொட்டுவது. மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஒவ்வொன்றும் ஐந்து தடவை. வாங்கிய இசையைவிட அந்தச் சாவிச் சத்தம் உங்கள் படத்துக்கு அதிகம் உதவும்.

வசனம் முன்னால் சரியாக ஓடி, போகப் போக உதட்டுக்குப் பிந்துகிறதா? அது வேறு நோய். செல்போன் ஃப்ரேம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துப் பதிவு செய்திருக்கும். எடிட் தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான 25 ஃப்ரேமுக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

கேள்வி: கல்லூரிப் பிள்ளைகள் வந்து, "ஆச்சி, ரெண்டு நாள் வீட்டைக் குடுங்க, படம் எடுத்துக்கிறோம்" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் மறுக்க மனசு வரவில்லை. என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?
– வாசகி, கோட்டையூர்

தாராளமாகக் கொடுங்கள், ஆனால் எழுதி வாங்கிக்கொண்டு. வீடு பங்காளிகளுக்குப் பொதுவானது என்றால், வெளியூரில் இருப்பவர்களுக்கும் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். படம் இணையத்தில் வந்தபிறகு வீட்டை அடையாளம் கண்டு கேட்பார்கள். எந்த நாள், எத்தனை மணி வரை, எத்தனை பேர், எந்தெந்தக் கட்டு, வீட்டின் பெயர் வரலாமா என்பதைக் கல்லூரி முத்திரையோடு கடிதமாகக் கேளுங்கள். சாமி அறை, பூட்டிய அறைகள் கிடையாது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஆணி கூடாது. தேக்கு மரத்திலும் சுண்ணாம்புச் சுவரிலும் டேப் ஒட்டக் கூடாது. உரிக்கும்போது பாலிஷும் பூச்சும் சேர்ந்து வரும். நடிகர் நிற்கும் இடத்தைக் காட்டத் தரையில் அட்டைத் துண்டு வைத்தால் போதும். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்த சினிமா ரத்தம் அதில் விழுந்தால் கறை இறங்கும். எலுமிச்சை, புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பும் போய்விடும். ரத்தம் வரும் காட்சியைக் கொல்லையில் எடுக்கச் சொல்லுங்கள், அல்லது அடியில் பிளாஸ்டிக் விரித்து அதன்மேல் மட்டும். நனைந்த ஓட்டில் ஓடவும் விடாதீர்கள்.

பழைய வயரிங்கில் 1000 வாட் ஹாலஜன் விளக்கை மாட்ட அனுமதிக்காதீர்கள், எல்இடி மட்டும். பொம்மைத் துப்பாக்கியும் கத்தியும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். தெருவில் எடுப்பதென்றால் முன்கூட்டியே காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பொம்மை என்று தெரியாது. திருமயம் கோட்டையிலும் எடுக்கப்போகிறோம் என்று பிள்ளைகள் சொன்னால், அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பது, தனி அனுமதி வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: டைட்டிலில் தமிழ் எழுத்து உடைகிறது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கிறது.
– மாணவர், கண்டனூர்

எடிட்டிங் மென்பொருளின் எழுத்து அமைப்பு தமிழுக்கு ஏற்றபடி மாற்றப்படவில்லை. அமைப்புப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டுவிட்டு மென்பொருளை மூடித் திறந்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். இல்லையென்றால், தமிழ் சரியாக வரும் வேறு மென்பொருளில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, வீடியோவின்மேல் வையுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும்.

எட்டு முதல் பத்துப் பெயருக்கு மேல் இரண்டு நிமிடத்தில் தாங்காது. ஒவ்வொன்றும் நிதானமாக இரண்டு தடவை வாசிக்கும் நேரம், சுமார் மூன்று நொடி. நிறுவனம், நடிகர்கள், படத்தின் பெயர், இசை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, தயாரிப்பு, கடைசியில் எழுத்து-இயக்கம். படம் எடுக்கும்போதே பெயர் வருவதற்கான காலி இடத்தை ஃப்ரேமில் விட்டு வையுங்கள்: சாத்திய கதவின் இருண்ட பாதி, தூணுக்கு அந்தப் பக்கச் சுவர். முகத்தின்மேலும், கதைக்கு முக்கியமான பொருளின்மேலும் எழுத்து ஏறக் கூடாது. கடைசியாக, பெயர்களின் எழுத்துப்பிழையைக் குழுவுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.